வெளிக்கு ஒருக்கா

என் அப்பா குழந்தைசாமி ஈர மிளகு விற்கமாட்டார். எங்கள் மலையில், ஆலத்தூர் நாடு என்கிற ஊர்க்கூட்டத்தில் அவரைத் தெரிந்தவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். காயாத மிளகுக்கு எடை கூடும். வியாபாரி வண்டியோடு வந்து நின்றாலும், நாலு மிளகைப் பல்லில் கடித்துப் பார்த்துவிட்டு, "வெயிலு பத்தலீங்க, போயிட்டு அப்புறமா வாங்க" என்று அனுப்பிவிடுவார். அம்மா உள்ளே தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த மனிதர்தான் என்னை ஏமாற்றினார்.

மிளகு, குச்சிக்கிழங்கு, கொஞ்சம் சாமை. இதை வைத்தே எங்கள் இருவரையும் படிக்கவைத்தார். நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிறேன். தங்கை சங்கீதா பக்கத்து ஊரில் மணிவண்ணனைக் கட்டிக்கொண்டாள். அவன் செம்மேட்டில் சத்துப்பொடி டப்பாக்கள் விற்கும் கடை வைத்திருக்கிறான்.

அப்பாவுக்குப் பெருங்குடலில் அழற்சி. சேலத்து மருத்துவர் கொடுத்த மாத்திரையில் பல வருடம் அடங்கியிருந்தது, முழுதாகப் போகவில்லை. போன வருடம் மணிவண்ணன் ஒரு ஊசி மருந்து கொண்டுவந்தான். பெப்டைடு. புரதத்தின் சிறு துண்டு, குடல் வீக்கத்தைக் குறைத்துப் புண்ணை ஆற்றும் என்றான். குப்பியில் பொடியாக வரும். தண்ணீரில் கரைத்து, சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொள்ளும் சின்ன ஊசியால் வயிற்றுத் தோலுக்கடியில் ஏற்ற வேண்டும். குப்பியின் மேல், ஆய்வுக்கு மட்டும், மனிதர்களுக்கு அல்ல என்று ஆங்கிலத்தில் இருந்தது. சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

"அதெல்லாம் சட்டத்துக்காக எழுதறதுங்க" என்றான். அப்பா பக்கம் திரும்பி, "மூணே மாசம் மாமா. அப்புறம் இந்த வயித்து மேல மிளகு மூட்டையவே அடுக்கலாம்" என்றான்.

அப்பா சிரித்துவிட்டார். "மாப்ள சொன்னா செரிதான்."

மாத்திரையை நிறுத்தக் கூடாது, தினமும் நான் கேட்டுக் குறித்துக்கொள்வேன், மோசமானால் ஊசியை விட்டுவிட வேண்டும் என்றேன். தலையாட்டினார்.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது போன் செய்வேன்.

"ஊசி போட்டீங்களாப்பா?"

"ஆச்சு கண்ணு."

"மாத்திரை இருக்குதுங்களா?"

"நெறையா இருக்கு."

"வெளிக்கு எத்தன தடவ போனீங்க?"

எங்கள் பக்கம் மலம் கழிப்பதை அப்படித்தான் கேட்போம். ஆரம்பத்தில் நாலு, அஞ்சு என்றார். பிறகு இரண்டு. பிறகு, "ஒருக்கா." போனில் வரைபடமாகப் போட்டேன். கோடு அழகாக இறங்கியது. குடும்பக் குழுவில் அனுப்பினேன். மணிவண்ணன் கைதட்டும் படம் போட்டான். நேரில் வந்து பார்க்கிறேன் என்றால் அப்பா, "பொழப்பக் கெடுத்துக்காத கண்ணு" என்பார்.

ஒரு நாள் காலை அம்மா அழுதுகொண்டே பேசினாள். ரத்தமாகப் போய் மயங்கி விழுந்துவிட்டார். ஆம்புலன்சில் மலையிறக்கி நாமக்கல்லில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது மருத்துவர், ஒரு நாளைக்கு எத்தனை முறை போனார் என்று கேட்டார். போனை நீட்டினேன். "ஒருக்காதான் டாக்டர்."

பின்னாலிருந்து அம்மா, "என்னடி ஒருக்கா? ஊட்டுக் கக்கூசுலயேதான் குடியிருந்தாரு" என்றாள்.

"தினமும் வெளிக்கு ஒருக்கான்னுதானம்மா சொன்னாரு?"

"காட்டுப் பக்கம் ஒருக்காதான் போவாரு. அதுக்கு மேல நடக்க முடியல. உள்ள போனத நீ எங்க கேட்ட?"

உள்ளே இருக்கும் அந்தக் கழிப்பறையைக் கட்டிக் கொடுத்ததே நான்தான். கால் தளரத் தளர அப்பா காட்டுக்குப் போவது குறைந்திருக்கிறது. அந்தச் சரிவைக் குணம் என்று வரைந்திருக்கிறேன்.

மருத்துவர் மாத்திரை பற்றிக் கேட்டார். அம்மா பையிலிருந்து எடுத்துக் கொட்டினாள். பிரிக்காத அட்டைகள். "ஊசியும் இதுவும் சேராதுன்னு மாப்ள சொன்னாருங்க." நிறைய இருந்தது. அதுவும் உண்மைதான்.

குடல் ஓட்டையாகியிருந்தது. அறுவை சிகிச்சைக்கு அழைத்துப்போகும் முன் சில நிமிடம் பேசவிட்டார்கள்.

"எங்கிட்டயே பொய்யாப்பா?"

"நீ வெளிக்குன்னுதான கண்ணு கேட்ட." உதட்டை இழுத்துச் சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. "மோசம்னா நீ நிறுத்திப்போடுவ. மாப்ள பேரு கெட்டுப்போவும். அந்தக் கோவத்தச் சின்னவ மேலதான் காட்டுவான். நீ எங்கயும் பொழச்சுக்குவ சாமி. அவ அங்கயே கெடக்கோணும்."

அதன்பின் அவர் கண் திறக்கவில்லை.

காரியத்தன்று தேவனூர் நாட்டிலிருந்து அத்தாயி அத்தை வந்திருந்தார், அப்பாவின் சித்தப்பா மகள். சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து போனைக் காட்டினார். என் வரைபடம். கீழே மணிவண்ணன் கடைப் பெயரும் நம்பரும்.

"உங்கொப்பனுக்குக் கொடலு ஆறிப்போச்சாமே சாமி, நெஞ்சு வலியிலதான் போயிட்டாருன்னு மணி சொன்னான். எம் பையனுக்கும் இதே புண்ணுதான். வாங்கிப் போடட்டுமா?"

மணிவண்ணன் எதிர் வரிசையில் சோறு போட்டுக்கொண்டிருந்தான். கரண்டி நின்றது. சங்கீதா தூணோரம் நின்று என்னைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தாள். அப்பாவும் அவளுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

"ஆறலீங்க அத்தை" என்றேன். பந்தி முழுக்கக் கேட்டிருக்கும். "கொடலு ஓட்டையாயித்தான் செத்தாரு. ஊசி கெடுத்துச்சான்னு எனக்குத் தெரியாது. மாத்திரைய நிறுத்தச் சொன்னது இவருதான். இந்தப் படம் பொய்யி. உங்க பையன டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போங்க."

மணிவண்ணன் கரண்டியை அண்டாவில் எறிந்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்தான். சங்கீதா என்னிடம் வந்தாள். "அப்பா உசுரு போற வரைக்கும் சொல்லல. உனக்கு ஒரு பந்தி முடியற வரைக்கும் பொறுக்கலயாக்கா?" அவன் பின்னால் போய் வண்டியில் ஏறினாள்.

அதற்குப் பின் அவள் என் போனை எடுப்பதில்லை. அம்மாவிடம்தான் கேட்கிறேன், சங்கீதா எப்படி இருக்கிறாள் என்று.

"இருக்கா" என்கிறாள் அம்மா.

இருக்கா என்றால் எப்படி இருக்கா, அவன் கை நீட்டறானா, நீ நேர்ல போய்ப் பாத்தியா என்று விடாமல் கேட்கிறேன். அம்மா போனை வைத்துவிடுகிறாள்.