அக்கா பலகையில் நின்ற படம்

அந்தப் படம் மகா மட்டம். அதில் என் அக்கா இருக்கிறாள் என்பதற்காகப் பொய் சொல்ல மாட்டேன். பரீட்சையில் கோட்டைவிட்ட நாலு காலேஜ் பிள்ளைகள் கடல் அலைமேல் பலகையில் சறுக்கி ஒரு கோப்பையை ஜெயிக்கப் பார்ப்பதுதான் கதை. நடுநடுவே வாழைப்பழத் தோலில் வழுக்கி விழும் பிரின்சிபால் வேறு. ஆனால் அக்கா வருகிற அந்த அரை நிமிஷம் இருக்கிறதே, அதற்கு ஈடாக இன்றுவரை நான் எதையும் பார்க்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. படக் கம்பெனி ரொம்பச் சின்னது. கடலில் எடுக்கப் போய், காமிரா வைத்த படகை அலை புரட்டிப் போட்டதும் பயந்துபோய் எங்கள் பாகூர் ஏரிக்கு வந்து சேர்ந்தார்கள். ஏரியில் அலை ஏது? பலகையில் நீளக் கயிற்றைக் கட்டி, கரையில் மாடுகளை ஓடவிட்டு இழுத்தால் கடல் மாதிரியே இருக்கும் என்று டைரக்டர் சொன்னார். அதற்குக் கூப்பிட்டது எங்கள் வீட்டு மாடுகளை. அப்பா கால் உடைந்து படுத்திருந்ததால் நானும் அக்காவும்தான் ஓட்டிக்கொண்டு போனோம்.

அந்த வருஷம் எங்கள் கழனியில் பரம்படித்ததும் அக்காதான். சேற்றை மட்டமாக்க மாடுகள் இழுக்கும் பலகைமேல் ஏறி நின்று, ஒரு கையில் கயிறும், மறு கையால் தாவணி முனையை இடுப்பில் செருகுவதுமாகக் கழனி முழுக்கச் சுற்றுவாள். பொம்பளை பரம்பில் ஏறலாமா என்று பேசாத வாயில்லை. பேசியவன் ஒருத்தனாவது எங்களுக்காக வந்து ஒரு நாள் ஏறி நின்றானா? இல்லை.

ஏரியில் கதாநாயகி பலகைமேல் ஏறினாள், விழுந்தாள். திரும்ப ஏறினாள், திரும்ப விழுந்தாள். மத்தியானத்துக்குள் அவள் குடித்த தண்ணீரில் ஏரியே ஒரு சாண் இறங்கியிருக்கும்.

"இதுல நிக்கிறதுக்கா இவ்ளோ பாடு?" என்று அக்கா என்னிடம் முணுமுணுத்தது டைரக்டர் காதில் விழுந்துவிட்டது.

"நீ நிப்பியாம்மா?" என்றார்.

எங்களுக்குச் சாப்பாடு கொண்டு வந்த அம்மா பதறிப்போனாள். "ஏண்டி, சனிக்கெழம மடுகரையிலேர்ந்து பொண்ணு பாக்க வராங்க. சினிமால ஆடுனவன்னு தெரிஞ்சா நம்ம வூட்டு வாசப்படி மிதிப்பாங்களா?"

"மொகம் தெரியாம எடுக்கட்டும்மா. எனக்கு ஆசையா இருக்குது."

அக்கா தனக்கென்று ஒன்றுக்கு ஆசைப்பட்டு அதற்கு முன் நான் கேட்டதில்லை. அம்மாவும் கேட்டதில்லை போலிருக்கிறது, சாப்பாட்டுக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கதாநாயகியின் பேன்ட்டும் சட்டையும் போட்டுக்கொண்டு ஏறினாள். முதல் தடவை வழுக்கி விழுந்தாள். எழுந்து வந்து, கால் வழுக்காமலிருக்க, வைக்கோலை முறுக்கித் திரித்த வைக்கோல் பிரி வேண்டும் என்றாள். அந்த வெளிநாட்டுப் பலகையில் பிரியை இறுக்கிச் சுற்றி, அதன்மேல் காலை ஊன்றிக்கொண்டு, "ஓட்டுடி" என்றாள். நான் வாலை முறுக்கினேன். மாடுகள் கரையோரம் பாய்ந்தன. திரும்பிப் பார்த்தால், அடேயப்பா, முழங்காலை லேசாக மடித்து, தண்ணீர் இரண்டு பக்கமும் தெறிக்க, அக்கா நின்றுகொண்டு வருகிறாள்! பெருமையில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சனிக்கிழமை வந்தவர்களுக்கு அக்காவைப் பிடித்துப்போயிற்று. கல்யாணமும் ஆனது. ஒரு வருஷம் கழித்து நான் மடுகரைக்கு விருந்துக்குப் போயிருந்தபோது, அங்கே டென்ட் கொட்டகைக்கு அந்தப் படம் வந்து தொலைத்தது. அக்காவின் மாமியார் கறார் பேர்வழி. விஷயம் தெரிந்தால் அக்காவைப் பிறந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவாள் என்று எங்களுக்குப் பயம். அந்த மாமியாரே, "வாங்கடி போவலாம்" என்று எங்களை முதல் ஆட்டத்துக்குக் கிளப்பினாள்.

கம்பெனியிடம் உருப்படியாக இருந்தது அந்த ஒரு காட்சிதான். அதனால் டைட்டிலில் அதைப் போட்டார்கள்.

"அது இன்னாடி, பலகைல வைக்கோல் பிரி?" என்றாள் மாமியார்.

பாட்டு வந்தபோது மறுபடியும் அதே காட்சி. "பேன்ட் போட்டுக்கினு எத்தடி சொருவுது இடுப்புல?"

அப்போதுதான் நானும் கவனித்தேன். திரையில் அக்காவின் கை இல்லாத தாவணியைச் செருகிக்கொண்டிருந்தது. மணலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவோ, முந்தானையை அதே இடத்தில் செருகிக்கொண்டிருந்தாள். மாமியார் திரையைப் பார்த்தாள். மருமகளின் இடுப்பைப் பார்த்தாள்.

இடைவேளை விளக்கு எரிந்ததும் கேட்டாள். "எத்தினி தபா வுழுந்த?"

அக்கா முந்தானையிலிருந்து கையை எடுத்தாள். "ஒரு தபா அத்த."

மாமியார் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. எழுந்து வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் கிளம்பவில்லை. அக்கா படம் முடிகிறவரை தலையே நிமிர்த்தவில்லை.

கடைசியில் போட்டி வந்தது. திரும்பவும் அதே காட்சி. முன்னால் இருந்த ஒருத்தன் விசிலடிக்க எழுந்து நின்று மறைத்துவிட்டான். மாமியார் ஒரு பிடி மணலை அள்ளி அவன் முதுகில் எறிந்தாள்.

"குந்துடா! எங்க வூட்டுப் பொண்ணு நிக்குது, மறைக்காத!"