பலாப்பழம் சுமந்த தலை

எட்டுக்கை அம்மனை நம்பி மலையேறி வரும் அக்கா தங்கைகளே, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று அடிவாரத்தில் பேசிக்கொண்ட வருடம். ஆடி மழையில் என் முதல் பிள்ளை இறந்தே பிறந்தான். புருவத்துக்கு மேலே எலும்பே இல்லை. மண்டை இருக்க வேண்டிய இடத்தில் செக்கச்செவேலென்று ரத்தக் குழாய்கள் பின்னிக் கிடந்தன. பிரசவம் பார்த்த என் மாமியார் சட்டென்று சீலையைப் போட்டு மூடினார். நான் பார்த்தது ஒரு நொடிதான். இன்றும் கண்ணை மூடினால் அதுதான் வருகிறது.

மலை மேல் எங்கள் ஆலத்தூர் நாட்டு ஊர்களில் பெண்கள் பலாப்பழத்தைத் தலையில் சுமந்துதான் சந்தைக்கு மலையிறங்குவோம். எட்டாம் மாதத்தில் நானும் சுமந்தேன்.

"பழத்தோட பாரம் எறங்கித்தான் புள்ள மண்டை நசுங்கிப் போச்சுங்க," என்று மாமியார் ஊராரிடம் சொன்னார். ஊர் நம்பியது. நானும் நம்பினேன். பெற்ற பிள்ளையைக் கொன்ற பாவி என்று என்னையே வெறுத்தேன்.

மறுபடி கரு தங்கியதும் தலையில் ஒரு சொம்புகூட வைக்கவில்லை. அம்மன் வாசலில் விழுந்து அழுதேன். "தாயே, இந்தப் பிள்ளைக்காவது எலும்பு வைத்துக் கொடு." நான் சோறு தண்ணீர் இல்லாமல் கிடப்பதைப் பார்த்து, என் வீட்டுக்காரர் அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கிருந்த டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"பழத்து மேல பழி போடாதம்மா," என்றார் அவர். "கரு உண்டான மொத மாசத்துலயே தலைப்பக்கம் மூடிக்கணும். அது மூடல. அதனால மேல எலும்பு வளரல, ரத்தக் குழாயும் தாறுமாறாப் போச்சு. எட்டாம் மாசம் சுமந்த பாரம் மொத மாசத்துல போய் என்ன பண்ணும்?"

"இந்தப் புள்ளைக்கும் அப்படி ஆகுங்களா?"

"அது எனக்குத் தெரியாதும்மா."

அம்மன்தான் அவர் வாயால் பேசினாள் என்று நம்புகிறேன். என் மனதிலிருந்து பழி நீங்கியது. டாக்டரம்மா சொன்னதை வீட்டுக்காரர் மாமியாரிடமும் சொன்னார். பயம் மட்டும் பிரசவம் வரை கூடவே இருந்தது.

மாசி மாதம் வலி எடுத்தது. குழந்தை அழுதது. ஆணா பெண்ணா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

"அத்தை, தலை?"

மாமியார் என் கையைப் பிடித்துக் குழந்தையின் தலையில் வைத்தார். கெட்டியாக எலும்பு. தடவிக்கொண்டே போன விரல் நடுவில் மெத்தென்று ஓரிடத்தில் பதிந்தது. உள்ளே ஏதோ துடித்தது. "ஐயோ, மூடலையே!" என்று அலறிவிட்டேன்.

"உச்சிக்குழி கண்ணு. எல்லாப் புள்ளைக்கும் இருக்கறதுதான். போகப் போக மூடிக்கும்," என்றவர் என் காலடியிலேயே உட்கார்ந்து அழுதார். "உன்னைய என்னென்னமோ பேசிப்புட்டேன் சாமி."

இப்போது ஆனி தோறும் முதல் பலாப்பழத்தைச் சும்மாடு வைத்து, ஊர் பார்க்க என் தலையில் சுமந்து போய் அம்மனுக்கு வைக்கிறேன். மகள் கூடவே நடந்து வருகிறாள். மூத்தவனை ஏன் அப்படிப் படைத்தாய் என்றும் ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். அதற்கு இன்னும் பதில் இல்லை.

என்னைப் போல் பழி சுமப்பவள் உங்களில் இருந்தால் தனியாக அழ வேண்டாம். வரும் ஆனியில் என்னோடு வாருங்கள். அம்மன் வாசலில் இரண்டு பேருமாகக் கேட்போம்.