ஒன்பது பேருக்கு அக்கா போட்ட கையெழுத்து

எங்கள் அக்கா இராஜபாளையத்தில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவருக்கு வயது பதினாறு, எனக்கு ஆறு. பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்குப் போய் என்னை வளர்த்தார். நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். பிறகு போர்வெல் லாரியில் ஊர் ஊராகத் திரிந்தேன். பல முறை சொல்லாமலே கிளம்பிப் போனேன். அக்கா ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்ட பின்னும் நான் திரும்பி வந்தால் சோறு அவர் வீட்டில்தான். அவருடைய நல்ல குணங்களைச் சொல்ல அவரை அறிந்த நீங்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் அவரைச் சந்தேகப்பட்ட மூன்று நாட்களைப் பற்றி எழுதுகிறேன்.

கூமாப்பட்டிக்கு மேலே காட்டுக்குள் இருக்கும் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க, ஒன்பது பேர் குடும்பமாகக் கிளம்பினோம். இரண்டு இரவு ஓடைக்கரையில் தங்க அனுமதி வாங்கியிருந்தார்கள். ராய்ச்சூரில் வேலையாக இருந்த என்னை அக்கா நாலு தடவை போனில் கூப்பிட்டார். இத்தனை வருடம் இல்லாத சாமி இப்போது எதற்கு என்று அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது.

வனத்துறைச் சோதனைச் சாவடியில், உள்ளே போகும் அத்தனை பேரும் திரும்பி இறங்குவதற்கு ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை எடுத்த அத்தானிடமிருந்து வாங்கி அக்காவே போட்டார். அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

அரிசி மூட்டையும் பானையும் என் தலையில். ஒன்பது பேரில் ஒருவராக வந்த, அத்தானுக்குத் தெரிந்த கான்சாபுரத்துக்காரர் என்னை ஒட்டியே நடந்தார். என்ன சம்பளம், குடி உண்டா, ஏன் ஓரிடத்தில் நிற்பதில்லை என்று கேட்டுக்கொண்டே வந்தார். பெண் வீட்டு ஆள் என்று புரிந்துவிட்டது. அக்காவோ ஏற்றத்தில் பத்தடிக்கு ஒரு தரம் பாறையில் உட்கார்ந்தார். முப்பது வருடம் தறியில் நின்றவருக்கு இந்த மேடு ஒரு மேடா? நான் முந்திப் போய்விடாமல் இருக்க நடிக்கிறார் என்று நினைத்து, அவரிடம் முகம் கொடுத்துப் பேசவே இல்லை.

மறுநாள் பொங்கல் முடிந்தது. மூன்றாம் நாள் விடிந்ததும் பையை எடுத்தேன். மாடு மேய்ப்பவர்களின் தடத்தில் ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் வருசநாட்டில் இறங்கிவிடுவது திட்டம். ஓடையைக் கடக்கும் இடத்தில் அக்கா பானை துலக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“ஏலே, போறதுன்னா சொல்லிட்டுப் போ. ஒம்பது பேருன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். எட்டுப் பேரா எறங்கினா கீழ நாந்தான் பதில் சொல்லணும்.”

“அந்தக் கான்சாபுரத்து ஆள்ட்ட என்னயப் பேசி முடிச்சிட்டயோ?”

“அவரு முந்தாநேத்தே ஒன்னய வேண்டாம்னுட்டாரு. நீ ஒண்ணும் பயந்து ஓட வேண்டாம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவும் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி நிற்காமல் போயிற்று. பானை நழுவித் தண்ணீரில் உருண்டது. அவர் உதடு நீலம் பாரித்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

“எம்புட்டு நாளா இப்படி?”

“ஆறு மாசமா. ஒன்ட்டதான் மொதல்ல சொல்லணும்னு கூப்பிட்டேன். நீ மொகம் குடுத்தாத்தானே.”

பையைக் கீழே வைத்துவிட்டுப் பானையை எடுத்து வந்தேன். இறக்கத்தில் பாதி வழி அக்காவை முதுகில் சுமந்தேன். சாவடியில் ஒன்பது தலையும் சரியாக இருந்தது.

பஞ்சுத் தூசி நுரையீரலில் படிந்துவிட்டது என்றார் டாக்டர். அதற்குப் பிறகு நான் லாரிக்குப் போகவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் அக்காவோடு மதுரை பஸ்ஸில் போய் வந்தேன். கூட நின்ற அத்தானுக்கும், ஆக்ஸிஜன் சிலிண்டரை மாடிக்கு ஏற்றிக் கொடுத்த தெருக்காரர்களுக்கும், அக்காவோடு தறியில் நின்ற தோழிகளுக்கும், பெண் கொடுக்காவிட்டாலும் கூப்பிட்டபோதெல்லாம் கார் எடுத்து வந்த கான்சாபுரத்துக்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, நோயாளிக்குப் பொறுப்பு யார் என்று கேட்டார்கள். அத்தான் எடுத்த பேனாவை வாங்கி நான் கையெழுத்துப் போட்டேன். இந்த முறை சொல்லாமல் போனவர் அக்கா. கீழே நின்று பதில் சொல்ல வேண்டியவன் நான்.