சுல்மீரா வெட்டச் சொன்ன குட்டை

வடகிழக்கு பிரேசிலில், பஜெயு ஆற்றங்கரை ஊர்களில், சுல்மீராவுக்குப் பாட்டில் எதிர் நிற்க ஆள் தேட வேண்டும். கூட்டத்தில் யாராவது ஒரு வரி எடுத்துக் கொடுப்பார்கள். போட்டிக்கு வரும் பெலார்மினோ தன் வயோலா வாத்தியத்தின் தந்தியை முறுக்கி முடிப்பதற்குள், அந்த வரியில் வந்து முடியும்படி பத்து வரி பாடிவிடுவாள். ஒரு கல்யாண வீட்டில் இரண்டு குடும்பங்கள் கத்தியை உருவி நின்றபோது, சம்பந்திகள் இருவரின் தொப்பையையும் சேர்த்து நாலு வரி பாடினாள். உருவியவர்களே சிரித்துவிட்டார்கள். கத்திகள் உறைக்குப் போயின.

அவள் புருஷன் ஜெனேசியோ கிணறும் குட்டையும் வெட்டுகிறவன். வாயால் சொல்வதைவிடக் கையை நீட்டிக் காட்டுவதுதான் அவனுக்கு வரும்.

ஒரு வறட்சி வருஷத்தில் தங்கள் நிலத்திலேயே குட்டை வெட்ட முடிவானது.

"கீழ, கள்ளிப் புதர்கிட்ட வெட்டலாம். தண்ணி அங்கதான் போகும்" என்றான்.

"அங்கேருந்து குடத்தத் தூக்கிட்டு யாரு ஏறுறது, நீயா? ஆட்டுக் கால்ல முள்ளு ஏறினா யாரு பிடுங்குறது? சமையக்கட்டு ஓரமா வெட்டு. மேட்டுலேருந்து வர்ற தண்ணி வீட்டத் தாண்டித்தானே போகணும்?"

அவன் உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டினான். அவளிடம் இன்னும் மூன்று காரணங்கள் இருந்தன. கடைசியில் அவன் தம்பிகளும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். சமையற்கட்டு ஓரத்தில் பதினெட்டு நாள் வெட்டினார்கள்.

மார்ச்சில் மழை கொட்டியது. தண்ணீர் குட்டைக்குப் பத்தடி தள்ளித் திரும்பி, கள்ளிப் புதரைப் பார்க்க ஓடியது. குட்டையில் கணுக்கால் அளவு சேறு.

சனிக்கிழமைச் சந்தையில் பெலார்மினோ, "வாயாடி வெட்டின குட்டையில் வாத்துகூட நனையலை" என்று வரி கொடுத்தான். அவன் பாட்டைக் கேட்டுக் கூசிப்போய்த் தண்ணீரே ஊரைவிட்டு ஓடியதாக அவள் மூச்சு விடாமல் பாடினாள். சந்தையே சிரித்தது. ஜெனேசியோ சிரிக்கவில்லை.

வீடு திரும்பும் வழியில் சொன்னான்: "நீ ஜெயிச்சிட்ட, சுல்மீரா. தண்ணிதான் வரல."

பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது. ஒன்றல்ல, இரண்டு. பத்தொன்பது வருஷமாக அவன் எத்தனை முறை சரியாக இருந்து தோற்றிருப்பான் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. இரண்டையும் விழுங்கினாள்.

மறுநாள் காலையில், "தண்ணி போற வழிய எனக்கும் காட்டேன்" என்றாள்.

அவன் குட்டைக்கு மேலே, மேட்டில் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தான். அவள் வாயைத் திறந்தாள்.

"பேசாத. பாரு."

பார்த்தாள். மேடு என்பது இத்தனை நாளும் அவளுக்கு ஒரு சொல்லாகத்தான் இருந்தது. அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்ததே இல்லை. தண்ணீர் மெல்லியதாக வளைந்து கீழே போயிற்று.

கள்ளிப் புதரருகே புதுக் குட்டை வெட்டினார்கள். அவளும் மண் சுமந்தாள். ஏப்ரல் மழையில் அது நிரம்பியது.

அடுத்த சந்தையில் அதைப் பற்றிப் பாடினாள். இடம் பார்த்தவன் புருஷன் என்று ஒரு வரி. மீதி ஒன்பதும் மண் சுமந்தவளைப் பற்றி. ஜெனேசியோ அந்த ஒரு வரிக்குக் கை தட்டினான்.