ஏழு பேர் ஏறிய ஜீப்

என் அக்காவின் மாமியார் எங்கள் ஜீப்பில் ஒரே ஒரு முறைதான் ஏறியிருந்தார். அக்கா கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வந்தபோது, முக்கூடல் பக்கம் பாலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, அங்கிருந்து எங்கள் வீடு வரைக்கும் வாய்க்கால் கரைமேல் இரண்டு மைல். வந்து இறங்கியதும் ஒரு கையால் தலையையும் மறுகையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டு, "ஏ மைனி, இது வண்டியா உரலா? உள்ள போட்டு இடிச்சிட்டாகளே!" என்று அம்மாவிடம் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். அப்பாதான் அதிகம் சிரித்தார்.

இரண்டு வருடம் கழித்து அதே பேச்சை அவர் மறுபடி எடுத்தபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அக்காவுக்கு அப்போது ஏழாம் மாதம். வளைகாப்புக்கு நாள் பேச அம்மா திசையன்விளைக்குப் போயிருந்தாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

"வளையல் போடுங்க மைனி, வேண்டாங்கல. பிள்ளையை மட்டும் அனுப்ப மாட்டேன். அந்த ஜீப்புல ஏத்திவிட எனக்கு மனசு வரல. ஒண்ணு போயிட்டு. இதையும் பறிகொடுக்க என்னால ஏலாது" என்றாராம்.

அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை. முந்தைய வருடம் அக்காவுக்கு நான்காம் மாதத்தில் கலைந்துபோனது. அப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்கள் அம்மாவைவிட அதிகமாக அழுதவர் அவர்தான். டாக்டரம்மா அக்கா பயணம் போகலாம் என்றுதான் சொல்லியிருந்தார். பெரிய குலுக்கல் இருக்கக் கூடாது, எட்டாம் மாதம் பிறக்குமுன் போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வாரமே அக்காவிடமிருந்து எனக்கு ஒரு கார்டு வந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். குண்டு குண்டாக எழுதுவாள். "எனக்கு நம்ம வீட்டுக்கு வரணும்போல இருக்கு. அத்தையிடம் சொல்ல பயமாக இருக்கு. நீ ஏதாவது செய்." நான்கே வரி. நான்காவது வரியில் என்னுடைய பரீட்சை எப்போது என்று கேட்டிருந்தாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்தவளும், அதற்குமேல் கல்லூரிக்குப் போனவளும் நான்தான். பாளையங்கோட்டையில் இயற்பியல் இரண்டாம் வருடம். அதைச் சொல்வதில் எனக்கு எப்போதும் கூச்சம் இருந்ததில்லை. பஸ்ஸில் யார் கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். ஆனால் நான் படிக்க வேண்டும் என்று முதலில் சொன்னது அக்கா. நான் விளக்கடியில் பாடம் எழுத, பக்கத்தில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுவாள். அவள் "நீ ஏதாவது செய்" என்றால் நான் செய்தாக வேண்டும்.

வாடகைக்குக் கார் கேட்டுப் பார்த்தோம். ஐப்பசி மழையில் வாய்க்கால் கரை சேறாகிக் கிடந்தது. பாலத்தைத் தாண்டி வர முடியாது என்று மூன்று டிரைவர்களும் ஒன்றுபோல் சொன்னார்கள். ஏழு மாத வயிற்றோடு இருப்பவளை இரண்டு மைல் சேற்றில் நடக்க வைக்க முடியாது. அந்தக் கரையில் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி வேண்டும். அப்படி இருந்தது எங்கள் ஜீப் ஒன்றுதான். அப்பா அதை ஏலத்தில் எடுத்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தார். பாரம் தாங்குவதற்காகப் பின்பக்கத்து ஸ்பிரிங்கில் இரண்டு பக்கமும் மும்மூன்று பட்டை கூடுதலாகச் சேர்த்திருந்தார். இரும்புப் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய ஸ்பிரிங் அது. பட்டை கூடக்கூட வளைந்து கொடுக்காது. வளையாத ஸ்பிரிங் பள்ளத்தை அப்படியே ஆளுக்குக் கொடுத்துவிடும்.

குலுக்கலை வாயால் சொன்னால் போதாது, அளக்க வேண்டும் என்று நினைத்தேன். எவர்சில்வர் குடத்தில் பன்னிரண்டு செம்பு தண்ணீர் ஊற்றி, முன் சீட்டில் அம்மாவின் மடியில் வைத்தேன். பாலத்திலிருந்து வீட்டுக்கு அப்பா ஓட்டினார். மீதியை அளந்தால் ஏழு செம்பு. ஐந்து செம்பு அம்மாவின் சேலையில் இருந்தது.

"ஏட்டி, குளிச்சிட்டு வந்த மாதிரி இருக்கேன். இதுதான் உன் காலேஜு படிப்பா?"

"கூடுதல் பட்டையைக் கழத்தணும்பா" என்றேன்.

அப்பா ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "கழத்தினா முன்ன மாதிரி தார் ஏத்த முடியாதுல்லா" என்றார். பிறகு அவரே, "செரி, பிள்ளை வரட்டும் முதல்ல" என்றார்.

திருநெல்வேலி டவுணுக்கு வெளியே ஸ்பிரிங் வேலை மட்டும் பார்க்கிற ஒரு பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் ஜீப்புக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு எழுந்தார்.

"என்ன வே, எல்லாரும் பட்டை கூட்டத்தான் எங்கிட்ட வருவாக. நீரு குறைக்க வந்திருக்கீரு?"

"நான் எங்க வந்தேன், எம் மவ கூட்டியாந்திருக்கா. காலேஜுல படிக்கா."

"காலேஜுல ஜீப்புக்கும் பாடம் வச்சிருக்கானா?"

"ஸ்பிரிங்குக்கு வச்சிருக்காங்க அண்ணாச்சி" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஸ்பேனரை எடுத்தார்.

பட்டைகள் துருவில் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. கூடுதல் பட்டைகளைக் கழற்றி, மீதியைப் பிரித்துத் தேய்த்து, கிரீஸ் வைத்துப் பூட்டினார். ஸ்பிரிங் முனைகளில் தேய்ந்த புஷ் வளையங்களையும் எண்ணெய் கசிந்து செத்துப்போன ஷாக் அப்சர்பர்களையும் மாற்றினார். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தோம். முன் சீட்டுக்கு நானே இலவம்பஞ்சில் ஒரு மெத்தை தைத்தேன்.

மறுபடி குடம். இந்த முறை ஒன்பது செம்பு மிஞ்சியது. நல்ல முன்னேற்றம்தான், ஆனால் மூன்று செம்பு சிந்துகிற வண்டியில் அக்காவை ஏற்ற முடியுமா? வண்டிக்குப் பாரமே இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். அப்பா, அம்மா, நான். ஒற்றைப்படையில் போக வேண்டும் என்ற வழக்கத்துக்கும் மூன்று சரி. அழைத்துவரக் கிளம்பியிருந்த பெரியம்மாவையும் சித்தியையும் இரண்டு அத்தைமாரையும், "நீங்க வந்தா வண்டிக்குப் பாரம்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். படித்தவள் சொல்கிறாள் என்று அவர்களும் விட்டுவிட்டார்கள். பெரியம்மா மட்டும் தட்டில் எடுத்து வைத்திருந்த வளையல்களை மறுபடி காகிதத்தில் சுற்றினார்.

வளைகாப்புக்கு முதல் நாள் நான்காவது தடவையாகக் குடத்தோடு நனைந்து இறங்கிய அம்மா, சேலை முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்:

"என்னமோ போ. தார் ஏத்திட்டுச் சந்தைக்குப் போகும்போது இந்த ஜீப்புலயே நான் உறங்கிருவேன். திரும்பி வெறும் வண்டியா வரும்போதுதான் போட்டு உலுப்பி எடுக்கும்."

"இதை ஏம்மா முன்னாலயே சொல்லல?"

"நீ கேட்டியாட்டி? நீ குடத்தைத்தான கேட்ட."

ஸ்பிரிங்கில் தொங்கும் எடை கூடினால் ஆட்டம் மெதுவாகும். அந்தச் சூத்திரத்தை எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். சூத்திரத்தில் எடைக்கு ஓர் எழுத்து இருக்கிறது. அந்த எழுத்துக்குள் ஆட்கள் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் அக்கறையோடு வண்டியைக் காலி செய்து, அதைக் குலுங்க வைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்பம் மணல் மூட்டை போட்டுருவோமா?" என்றார் அப்பா.

"வளையல் போட மணல் மூட்டையையா கூட்டிட்டுப் போவாக? எங்கக்கா இருக்கா, போதும்" என்றாள் அம்மா.

பெரியம்மா வீட்டுக்கு நான்தான் போக வேண்டியிருந்தது. நல்லவேளையாகச் சித்தியும் அத்தைமாரும் அங்கேயே இருந்தார்கள். என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள், நான் நுழைந்ததும் பேச்சு நின்றது.

"நான் சொன்னது தப்பு பெரியம்மா. வண்டிக்குப் பாரம் வேணும்."

"நேத்து வேண்டாம், இன்னைக்கு வேணுமாக்கும்? எவ்வளவு பாரம் வேணும்?"

"நீங்க நாலு பேரும் வந்தா சரியா இருக்கும்."

பெரியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கேட்டியளா? இந்த உடம்பைப் பாத்து எல்லாரும் கேலிதான் பேசுதாக. இவ ஒருத்திதான் வேணும்ங்கா. ஏளா, சேலையை மாத்துங்க."

நான்கு பேரும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். அம்மா மடியில் குடம். வீட்டில் வந்து அளந்தபோது பன்னிரண்டாவது செம்பில் கால்வாசிதான் குறைந்திருந்தது. அத்தைமார் கைதட்டினார்கள்.

மறுநாள் ஏழு பேராகப் போனோம். திசையன்விளையில் ஜீப்பிலிருந்து ஒவ்வொருவராக இறங்க இறங்க, வாசலில் நின்ற மாமியாரின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"இத்தனை பேரா? இதுக்குள்ள என் மருமவளையும் திணிக்கப் போறியளா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் உள்ளே போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தேன். "அத்தே, நீங்க ஏறுங்க. இதை மடியில வச்சிக்கிடுங்க. சேலை நனைஞ்சா அக்காவைக் கேக்கவே மாட்டோம்."

இதைச் சொல்வதற்கு எனக்கு உரிமை இல்லை. அக்கா சமையலறை நிலையில் நின்று, கையை வயிற்றில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன் சீட்டில் ஏறினார். பின்னால் ஐந்து பேர். ஊருக்கு வெளியே செம்மண் பாதையில், மழை அரித்த பள்ளங்களாகப் பார்த்து ஓட்டும்படி அவரே அப்பாவுக்குக் கை காட்டினாராம். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அக்கா பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜீப் திரும்பி வந்தது. மாமியார் இறங்கி, முழங்காலுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலம் நனைந்திருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். சொன்ன சொல்படி பார்த்தால் நான் தோற்றுவிட்டேன்.

"இது குலுங்கினதுல சிந்தினது இல்ல. இறங்கும்போது நான்தான் சாய்ச்சிட்டேன்" என்றார். குடத்தை என் கையில் கொடுத்துவிட்டு, "ஆனா நானும் கூட வாரேன். அவ பக்கத்துல நான்தான் இருப்பேன்" என்றார்.

வளையல் போட்டு முடிந்து கிளம்பும்போது ஒன்பது பேர். முன் சீட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் அக்கா, அவளை அணைத்தாற்போல் மாமியார். பின்னால் நாங்கள் ஆறு பேர், ஒருவர் முழங்கால் இன்னொருவர் மடியில். பாலம் வந்ததும் அப்பா வண்டியை நிறுத்தி நான்கு சக்கரத்துக்கும் இழுவையை மாற்றினார். சக்கரம் சேற்றில் இறங்குவதும் ஏறுவதும் தெரிந்தது, ஆனால் பரிசலில் போவதுபோலத்தான் இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். அக்காவின் தலை மாமியாரின் தோளில் சாய்ந்திருந்தது.

"பைய போங்க அண்ணே" என்றார் மாமியார், குரலைத் தாழ்த்தி. "பிள்ள உறங்குதா."

தை மாதம் அக்காவுக்குப் பெண் பிறந்தது. கழற்றிய பட்டைகள் மாட்டுத்தொழுவில் சாத்தியே கிடந்தன. அக்கா திரும்பிப் போகும்வரை அப்பா அவற்றைத் தொடவில்லை. ஒரு நடையில் போகும் தாரை இரண்டு நடையாகக் கொண்டுபோனார். பேத்தியை அழைத்துப் போக நாள் பார்த்துச் சொல்லியனுப்பியபோது மாமியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கொண்டுவந்து விடுவதற்கு ஏழு பேரும் வர வேண்டும், பெரியம்மாவை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடக் கூடாது.