ராகு காலத்தில் முறுக்கிய நட்டு

எண்பதுகளின் தொடக்கம். மதுரை வண்டியூரில் எங்கள் வீடு. தார்ப்பாய் போட்ட பழைய ஜீப் ஒன்றை வைத்துக்கொண்டு உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களுக்குச் சவாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். எட்டுப் பேர் உட்காரும் இடத்தில் பதினாலு பேரை ஏற்றிய காலம் அது. யாரும் கேட்கவும் மாட்டார்கள், நானும் வெட்கப்பட மாட்டேன்.

அந்த ஜீப்பிடம் ஒரே ஒரு கெட்ட குணம். வளைவில் கொஞ்சம் வேகமாகத் திருப்பினால் பின்பக்கம் அப்படியே சாயும். பின்னால் இருப்பவர்கள் வாந்தி எடுப்பார்கள். ஆனால் என் காதுபட யாராவது வண்டியைக் குறை சொல்லிவிட்டால் சண்டைக்குப் போய்விடுவேன். அப்போதெல்லாம் எனக்குக் கோபம் மூக்குக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும்.

என் ஒரே தங்கையை உசிலம்பட்டி தாண்டி ஒரு விவசாயக் குடும்பத்தில் கொடுத்திருந்தோம். அவளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடித்துப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். அதற்கு முன்னால் இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்ததால் இரண்டு குடும்பமும் அவளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. நாள் குறிக்கப் போனபோது, "என் ஜீப்லயே கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றேன். அவள் புருஷன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

"மச்சான், ஒங்க வண்டி தூளி மாதிரி ஆடுது. அதுல அவள ஏத்த மாட்டேன். வாடகைக் காரு பிடிச்சுக்கிருவோம்."

என் தங்கை என் வண்டியில் ஏறக் கூடாதா? எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஊர் திரும்பியதும் நேராக என் மெக்கானிக்கிடம் போனேன். என் வயதுக்காரன்தான், திருப்பரங்குன்றம் ரோட்டில் பட்டறை வைத்திருந்தான். அவன்தான் வழி சொன்னான். பெரிய கார்களில் அடியில் குறுக்காக ஒரு வளைந்த கம்பி இருக்கும், ஸ்டெபிலைசர் பார் என்பார்கள். வண்டி ஒரு பக்கம் சாயப் போனால் மறுபக்கத்தையும் சேர்த்துப் பிடித்து நிறுத்தும். காயலான் கடையில் தேடி அப்படி ஒன்றை வாங்கி வந்தோம்.

வெள்ளிக்கிழமை காலையில் வேலை ஆரம்பித்தது. பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் இரண்டும் அந்தரத்தில் தொங்க, அவன் கம்பியை மாட்டினான். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டுமென்று நூல் பிடித்துப் பார்த்தான். கம்பியைக் கவ்விப் பிடிக்கும் ரப்பர் வளையங்களுக்கு, புஷ் என்பார்கள், விரலால் கிரீஸ் தடவினான். போல்ட் ஓட்டைகள் சரியாகப் பொருந்தாமல் நேரம் ஓடிவிட்டது. நட்டுகளை முறுக்குவதுதான் பாக்கி என்றபோது மணி பத்தேகால். பத்தரைக்கு ராகு காலம். தங்கைக்காகச் செய்கிற வேலை, நல்ல நேரத்தில் தொடங்கி நல்ல நேரத்திலேயே முடிய வேண்டும் என்பது என் பிடிவாதம்.

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான். "அண்ணே, இப்ப முறுக்கக் கூடாது. வண்டி தன் கால்ல நிக்கணும், எடை எறங்கணும், அப்பறந்தான் முறுக்கணும். தொங்கும்போது முறுக்குனா, எறக்குனதும் புஷ்ஷு திருகிக்கிட்டு நிக்கும். ஒரு பள்ளத்துல விழுந்தா பிஞ்சுரும். அந்தா குழியில நிக்கிற வண்டி பன்னெண்டு மணிக்குப் போயிரும். தரையில நின்னா அடியில கை சரியாப் போகாது. குழி மேல நிப்பாட்டி முறுக்கித் தாரேன்."

"பன்னெண்டு வரைக்கும் வேலைய அரைகுறையாப் போட்டுட்டு நான் என்ன வேடிக்கை பாக்கவா? முறுக்குடா, நான் பாத்துக்கிர்றேன்" என்று கத்தினேன். பட்டறையே திரும்பிப் பார்த்தது. அவன் முகம் சுருங்கிப்போய் முறுக்கினான். கிளம்பும்போதுகூட, "சாயங்காலம் கொண்டாங்கண்ணே, தளத்தி மறுபடி முறுக்கிருவோம்" என்றான். நான் போகவில்லை. வண்டிதான் ஆடாமல் அழகாக ஓடியதே!

ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. மாப்பிள்ளை என் ஜீப்பை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்லயே மச்சான்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நாலரைக்கு ராகு காலம் வந்துவிடும் என்று நாலு மணிக்கே கிளப்பிவிட்டேன். கை நிறைய வளையலோடு தங்கை பின்னால், எங்கள் அம்மாவுக்கும் அத்தைக்கும் நடுவில். "எதுக்கும் நானும் வாரேன்" என்று மாப்பிள்ளை முன்னால் ஏறிக்கொண்டார். வழியெல்லாம், "அண்ணே, இன்னைக்கு ஆடவே இல்லையே" என்று அவள் சொல்லச் சொல்ல என் நெஞ்சு நிமிர்ந்துகொண்டே போனது.

செக்கானூரணி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் எதிரே ஒரு பஸ் வந்தது. இடதுபக்கம் மண்ணில் இறக்கினேன். பின்சக்கரம் ஒரு பள்ளத்தில் விழுந்தது. டமார் என்று ஒரு சத்தம். பின்பக்கம் ஓரத்து ஓடையைப் பார்த்துச் சாய்ந்தது. "அண்ணே!" என்று அவள் அலறினாள். ஓடைக்கு ஒரு முழம் இருக்கையில் வண்டி நின்றது. திரும்பிப் பார்த்தால் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து, "அசையுது. ஒண்ணுமில்ல" என்றாள். அம்மா ஓவென்று அழுதுவிட்டாள்.

எல்லாரையும் இறக்கி, தங்கையை ஓரத்து மரத்தடியில் உட்காரவைத்து, வண்டியைச் சமதளத்துக்கு நகர்த்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு அடியில் பார்த்தோம். இடதுபக்கப் புஷ் கிழிந்து துணுக்கு துணுக்காகத் தொங்கியது. நட்டு தளர்ந்து, கம்பி ஒரு பக்கம் பிடியில்லாமல் கிடந்தது.

"எவன் மாட்டுனான் இத? அவன் கைய ஒடிக்கணும்" என்றார் மாப்பிள்ளை. நான் ஆமாம் என்று தலையாட்டினேன். இத்தனை வருஷம் கழித்தும் அந்தத் தலையாட்டலை நினைத்தால் எனக்குக் கூசுகிறது.

அடியில் படுத்து மறுபக்கத்தைப் பார்த்தேன். அவன் நூல் பிடித்து வைத்த கம்பி. அவன் விரலால் தடவிய கிரீஸ் அப்படியே இருந்தது. அதற்குமேல் என்னால் முடியவில்லை. வெளியே வந்து, "அவன் மேல தப்பில்ல மாப்ள. எறக்கி வச்சுத்தான் முறுக்கணும்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டான். ராகு காலத்துக்கு முன்னாடி முடிக்கணும்னு நாந்தான் கத்தி முறுக்க வச்சேன்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "நேரத்தப் பாத்தீக மச்சான். அவளப் பாக்கலையே" என்றார். சொல்லிவிட்டுக் குனிந்து காலில் கிடந்த செருப்பைக் கழற்றினார். அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன், அதுதான் சத்தியம். அவரோ வண்டியில் கிடந்த கத்தியை எடுத்து, கெட்டியான டயர் செருப்பின் குதிகால் பக்கத்தை வெட்டினார். வட்டமாக இரண்டு துண்டு. நடுவில் ஓட்டை. "புஷ்ஷுக்குப் பதிலா இது தாங்குமா பாருங்க. கம்பியக் கழத்தாதீக. மறுபடி ஆடுனா அவ தாங்க மாட்டா."

தாங்கும் போலத்தான் இருந்தது. நட்டை விரலால் மட்டும் ஓட்டி வைத்தேன். இந்த முறை மெக்கானிக் சொன்னதைச் சொன்னபடி செய்ய நினைத்தேன். எல்லாரையும் வண்டியில் ஏறி உட்காரச் சொன்னேன். தங்கையை மட்டும் மரத்தடியிலேயே இருக்கச் சொன்னோம். அவள் கேட்டால்தானே!

"வெயிட்டுதான வேணும்? இங்க ரெண்டு உசுருல்ல இருக்கு" என்று சொல்லிக்கொண்டே ஏறிவிட்டாள். அத்தனை நடுக்கத்திலும் அம்மா சிரித்துவிட்டாள்.

அடியில் மல்லாந்து படுத்திருக்கிறேன். தலைக்கு மேலே ஸ்பிரிங் பட்டை மெல்ல அழுந்துகிறது. பலகைக்கு அந்தப்பக்கம் வளையல் சத்தம். "ஏண்டா, மணி அஞ்சேகாலாகுதே, நட்டநடு ராகு காலம்" என்று அம்மா முணுமுணுத்தாள். எனக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். துடைக்கக்கூடக் கை போகாத இடம். நிதானமாக முறுக்கினேன்.

பொழுது சாய வீடு வந்து சேர்ந்தோம். மாப்பிள்ளை ஒற்றைக் காலில் செருப்போடு எங்கள் வாசலில் இறங்கினார். மறுநாள் காலையில் பட்டறைக்குப் போய், எல்லார் முன்னாலும் கத்தியவன் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். மெக்கானிக் அடியில் எட்டிப் பார்த்துவிட்டு, "செருப்பா இது?" என்று விழுந்து விழுந்து சிரித்தான். அதைக் கழற்றிப் புதுப் புஷ் போட்டுக் கொடுத்தான், வண்டியைத் தன் காலில் நிற்க வைத்துத்தான். இரண்டு மாதம் கழித்துத் தங்கைக்குப் பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது.

ஜீப்பை விற்று வருஷக்கணக்காகிவிட்டது. இன்றும் எதற்கும் நான் நல்ல நேரம் பார்க்கத்தான் செய்கிறேன், அந்தப் பழக்கம் போகவில்லை. ஆனால் காலண்டரில் நேரம் தேடும்போதெல்லாம் தலைக்கு மேலே அந்த வளையல் சத்தம் கேட்கும். யாருக்காகச் செய்கிறேன் என்பதை ஒருமுறை நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் எந்த வேலையிலும் கை வைக்கிறேன்.