குதிரை வரிசையில் போன சிப்பாய்

சூலியா தெருவில் ஒரு துணிக்கடை மாடியில்தான் எங்கள் சதுரங்கச் சங்கம். அடுத்த ஞாயிறு அக்கரையிலிருந்து புக்கிட் மெர்தாஜாம்காரர்கள் ஃபெரி ஏறி எங்களோடு மோத வருவதாக இருந்தது. எங்கள் அணியின் முதல் பலகையில் உட்காருவது நானா, கீழே துணி அளக்கும் அண்ணனா? அந்த வருடம் ஆளுக்கு ஆறு ஆட்டம் ஜெயித்திருந்தோம். செயலாளர் கடைசியாக ஓர் ஆட்டம் வைத்தார். டிரா ஆனால், போன வருடம் அங்கே உட்கார்ந்த எனக்கே இடம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வாய் மட்டும் நிற்காது.

"அண்ணே, யானையத் தடவியே வழுக்கையாக்கிட்டீங்களே!"

"வாய மூடிட்டு ஆடு லா!"

நாலு மணிக்கு என்னிடம் ஒற்றை ராஜாதான் மிச்சம். அவரிடம் ராஜாவும் மூன்று சிப்பாய்களும். அதில் ஒன்று கடைசிக் கட்டத்துக்கு ஓரடி தூரத்தில். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அந்தச் சிப்பாய் மந்திரியானால், அதாவது ராணியானால், என் ராஜாவுக்குச் செக் இல்லை, நகரவும் இடமில்லை. டிரா!

"சட்டுனு மந்திரி வாங்குங்கண்ணே, டீ ஆறுது" என்று அவசரப்படுத்தினேன்.

அண்ணன் சிப்பாயைத் தள்ளினார். பெட்டிக்குள் கையை விட்டுக் குதிரையை எடுத்து வைத்தார். செக்! ஒதுங்கினேன். குதிரை தாவி மறுபடி செக். அடுத்த நகர்த்தலில் ஒரு பொடிச் சிப்பாய் என் ராஜாவை மடக்கிவிட்டது.

செயலாளர் அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மந்திரி வாங்கியிருந்தா டிரா! எப்படிங்க பார்த்தீங்க?"

அண்ணன் முழித்தார். "டிராவா? எங்க நாகூர்ல குதிரை வரிசையில, அதான் ஆரம்பத்துல குதிரை நிக்கிற கோட்டுல, போன சிப்பாய் குதிரையாத்தான் ஆகும். பழக்கத்துல கை போயிருச்சு. இது செல்லுமா?"

"எந்தக் காயும் வாங்கலாம். செல்லும்" என்றார் செயலாளர்.

அவருக்கு மனசு ஒப்பவில்லை. "தம்பி, தெரியாம வச்சது. நீயே உட்காரு."

இடம் போன வயிற்றெரிச்சல் எனக்கு இருக்கத்தான் செய்தது. அதைவிட அந்தக் குதிரைதான் மண்டையைக் குடைந்தது.

"தோத்தவன உட்கார வச்சா அக்கரைக்காரனுங்க சிரிப்பானுங்கண்ணே. நீங்களே உட்காருங்க. அது சரி, நாகூர்ல இன்னும் என்னென்ன சட்டம்?"

"ராஜா ஒரே ஒரு தடவ குதிரை மாதிரி தாவலாம்."

"ராஜாவா? தொந்திய வச்சுக்கிட்டா?"

அண்ணன் சிரித்துவிட்டார். நான் காய்களை மறுபடி அடுக்க ஆரம்பித்தேன்.